பிட்ச் மார்க் ஃபோர்க்: நான்கு வாங்கிப் பார்த்தேன், ஐந்தாவது பட்டறையில் வெட்டியது

கோல்ஃப் கடைக்குள் போனால் சுவர் முழுக்க பந்தடிக்கும் மட்டைகளான கிளப்புகள் மின்னும். பணம் கட்டுகிற மேசையில், டீ (அடிக்கும் முன் பந்தை நிறுத்தும் மரக்குச்சி) பாக்கெட்டுக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு சின்ன டப்பாவில், பந்து விழுந்து புல்லில் போட்ட குழியை மூடும் பிட்ச் மார்க் ஃபோர்க் கிடக்கும். அதை எடுத்துப் பார்ப்பவர்களே குறைவு. பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் பயிற்சி கொடுக்கிறேன். தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்காத வாரம் இல்லை. எந்த ஃபோர்க் வாங்கலாம் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் யாரும் கேட்காமலே எழுதுகிறேன்.

இப்போதுதான் ஆட ஆரம்பித்தவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து உயரமாக அடித்த பந்து கிரீனில், அதாவது ஹோலைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், விழும்போது புல்லைக் குத்திக் குழி போடும். அதுதான் பிட்ச் மார்க். பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஐம்பது கிராம்கூட இல்லாத அந்தப் பந்து, ஐப்பசி மழையில் ஊறிக் கிடக்கும் மண்ணில் மேலேயிருந்து விழுந்தால், பாதி எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழும். பந்து வந்த பக்கம் சரிவாக இருக்கும். அது போன பக்கம் புல் மடங்கி உதடு மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும். கிரீனில் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். அந்த மட்டத்தில் இந்த உதடு ஒரு வரப்பு. கிரீனில் பந்தை உருட்டும் கிளப்பான பட்டரில் தட்டிய பந்து கடைசி இரண்டடியில் வேகம் தளர்ந்து உருளும்போது அந்த வரப்பில் பட்டால் திசை மாறிவிடும். ஹோலின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். பந்து அரை அங்குலம் விலகினாலே போதும், ஹோலை நோக்கித் தட்டிய பல பட்ட் வெளியே போய்விடும்.

அடுத்தவர் பந்து விலகுவது ஒரு பக்கம். அதைவிட எனக்கு வலிப்பது அந்தப் புல்லுக்கு நடப்பது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மாலி, மைதானத்துப் புல்லைப் பராமரிப்பவர்.

பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு அந்தக் கோடை விடுமுறையில், ஆடுபவர்களின் கிளப் பையைத் தூக்கும் கேடியாகப் போனேன். அங்கே ஹெட் மாலியை எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் வாரம் ஒரு மெம்பருக்குப் பை தூக்கினேன். அவர் பந்து கிரீனில் குத்திய இடத்தில், மற்ற கேடிகள் செய்வதைப் பார்த்து நானும் ஒரு டீயை எடுத்து, குழியின் நடுவில் விட்டு, அடிமண்ணை மேலே தூக்கி விட்டேன். பள்ளம் நிரம்பிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் குழாயோடு நின்றுகொண்டிருந்த பெரியவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாடா பண்ற? நெம்பாதடா. சதை கிழிஞ்சா தையல் போடுறாங்கல்ல, ரெண்டு பக்கத்தையும் கிட்ட கொண்டாந்து சேக்கணும். அடியிலேர்ந்து சதையத் தூக்குவாங்களா?"

அப்படியே உட்கார்ந்து, என் கையிலிருந்த டீயை வாங்கி, குழிக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி நல்ல புல்லில் சாய்வாகச் செருகி, நடுவை நோக்கி மெதுவாகத் தள்ளினார். சுற்றி ஐந்தாறு இடத்தில் அதே மாதிரி. புல் நாலா பக்கமும் நெருங்கி வந்து வாயை மூடிக்கொண்டது. பிறகு உள்ளங்கையால் ஒரு தட்டு.

"இது அருகம்புல்லு ஜாதிடா. பக்கத்துல ஓடித்தான் மூடும். நீ நெம்புனா வேரு அறுந்துடும், மேல மண்ணுதான் வரும். நாளைக்கு மெஷின் வந்து அந்த மேட்டைச் செரச்சிட்டுப் போவும்."

பெர்முடா என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். கிரீனுக்குப் போடுவது அதில் கலப்பு செய்து எடுத்த குட்டை ரகம். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோம். அந்த ஓட்டம்தான் கிரீனின் காயத்தை ஆற்றுகிறது. பக்கத்துப் புல்லைக் காயத்தின் அருகில் கொண்டுபோய் விட்டால் போதும், மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் கையில் ஒரு கருவி வேண்டும். டீ அவசரத்துக்கு ஆகும். ஆனால் ஒற்றை முனை, மெல்லிய மரம். இறுகிய மண்ணில் முறிந்துவிடும்.

இனி வாங்கியவற்றைப் பற்றி.

முதலில் வந்தது பிளாஸ்டிக். ஒரு போட்டியில் தொப்பி, டவலோடு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் பரவாயில்லாமல் இருந்தது. சித்திரை வெயிலில் கிரீன் இறுகியிருந்தபோது, மூன்றாவது குழியில் ஒரு முள் முறிந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை நகத்தால் தோண்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்படியே விட்டிருந்தால் மறுநாள் காலை புல்வெட்டும் மெஷினின் பிளேடில் சிக்கியிருக்கும். அன்றிலிருந்து பிளாஸ்டிக் ஃபோர்க்கை என் மாணவர்கள் யார் பையில் பார்த்தாலும் வாங்கி வைத்துவிட்டு வேறு கொடுக்கிறேன்.

இரண்டாவது பித்தளை. கனமானது, கைக்குப் பிடித்தமானது, மேலே எனாமலில் ஒரு முத்திரை. பரிசாக வந்தது. முள் இரண்டும் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், நுனியில் லேசான வளைவு. பார்க்க அழகான சாமான்தான். ஆனால் அந்த வளைவுதான் தொல்லை. கையில் எடுத்தவுடன், நெம்புகோலைப் பிடித்த மாதிரி மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்தும். எனக்கே இரண்டு மூன்று தடவை அப்படி ஆகியிருக்கிறது. பெரியவரின் குரல் காதில் இருக்கும்போதே கை தப்பு செய்கிறது என்றால், புதிதாக வருபவர் என்ன செய்வார்? அழகுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மடக்கு மாடல். பித்தானை அழுத்தினால் முள் வெளியே வரும், உள்ளே மடக்கினால் சட்டைப் பையைக் கிழிக்காது. மேலே காந்தத்தில் ஒட்டிய, பந்து இருந்த இடத்தைக் குறிக்க வைக்கும் பால் மார்க்கர் வேறு. நாலு பேர் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். முள் நேராகவும் குட்டையாகவும் இருந்ததால் வேலையும் நன்றாகச் செய்தது. ஆனால் கிரீனின் அடியில் இருப்பது பெரும்பாலும் மணல். ஈர மணல் முள்ளோடு உள்ளே போய் அடைத்துக்கொண்டது. நம் கடற்கரைக் காற்றில் இரண்டாவது வருடம் ஸ்பிரிங் துருப்பிடித்து நின்றுவிட்டது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடும் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல சாமான். ஊட்டி, கோவை பக்கம் ஆடுபவர்களுக்கு உப்புக் காற்றுப் பிரச்சினையும் இல்லை.

நான்காவது ஒரே தகட்டில் வெட்டிய ஸ்டீல் ஃபோர்க், 450 ரூபாய். மடக்கு கிடையாது, காந்தம் கிடையாது, முத்திரை கிடையாது. தட்டையாக, நேராக இரண்டு முள். ஆறு வருடமாகியும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இருந்த ஒரே குறை முள்ளின் நீளம், மூன்றரை சென்டிமீட்டர். வேருக்குக் கீழே அவ்வளவு ஆழம் போக வேண்டிய அவசியமே இல்லை.

இதை வைத்துக்கொண்டு, பயிற்சி கிரீனின் ஒரு மூலையில் மாலிகளிடம் கேட்டு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஆடி மாதம். பந்தை உயரத் தூக்கும் கிளப்பான வெட்ஜில் அடித்து விழுந்த மூன்று குழிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றைப் பக்கவாட்டில் சேர்த்து மூடினேன். ஒன்றை வேண்டுமென்றே நெம்பி நிரப்பினேன். ஒன்றைத் தொடவே இல்லை. பக்கத்தில் தரைமட்டத்துக்கு ஆளுக்கொரு நிறத்தில் டீயை அடித்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை, சேர்த்து மூடியதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை, டீயை வைத்துத்தான் இடம் தெரிந்தது. விரலால் தடவினால் மட்டமாக இருந்தது. நெம்பியது இரண்டாம் நாளே வெளுத்து, ஐந்தாம் நாள் மெஷின் மேட்டைச் சீவியதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் மண் தெரிந்தது. தொடாமல் விட்ட குழி பசுமையாகவே இருந்தது, ஆனால் பள்ளம் பள்ளமாகவே நின்றது. இரண்டு வாரம் கழித்து, மூன்றில் மோசமானது எது என்று மாணவர்களைக் கேட்டேன். எல்லோரும் நெம்பியதைத்தான் காட்டினார்கள். தப்பாகச் சரிசெய்வதைவிடத் தொடாமல் விடுவது மேல் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்த நாள் அது.

அதற்குப் பிறகுதான் ஐந்தாவது. என்னிடம் சனி, ஞாயிறு வரும் பிள்ளைகள் முப்பது பேர். ஆளுக்கு ஒரு ஃபோர்க் கொடுக்க வேண்டும், 450 ரூபாய் கட்டுப்படியாகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பட்டறை வைத்திருக்கும் பழைய நண்பனிடம் அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, இரண்டரை மில்லிமீட்டர் கனம். மொத்த நீளம் ஏழு சென்டிமீட்டர். முள் இரண்டரை சென்டிமீட்டர், வளைவே இல்லை, ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. சாவிக்கொத்தில் மாட்ட மேலே ஒரு ஓட்டை. முப்பதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் ஒன்று 70 ரூபாய்க்கு வந்தது.

முள் குட்டையாக இருப்பதுதான் இதன் பலம். நெம்பினால் பிடி கிடைக்காமல் வழுக்கி வெளியே வந்துவிடும். பக்கவாட்டில் தள்ளினால் மட்டுமே வேலை செய்யும். சொல்லிக் கொடுக்க வேண்டியதில் பாதியைக் கருவியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. கடையில் வாங்குகிறவர்களும் இந்த அளவைத்தான் பார்க்க வேண்டும். நேரான, மெல்லிய, மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத இரண்டு முள். கம்பெனி பெயர் எதுவானாலும் சரி.

பயன்படுத்தும் முறையில் ஒரு நுணுக்கம். உதடு தூக்கி நிற்கும் பக்கத்தில் எல்லோரும் முதலில் கை வைப்பார்கள். நான் பின்பக்கச் சரிவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். அங்கேதான் புல் அதிகம் இழுபட்டிருக்கும். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் சேர்த்து, கடைசியாக உதட்டை உள்ளே மடக்கினால் வாய் சுத்தமாக மூடும். பிய்ந்து போன புல் துண்டு பக்கத்தில் கிடந்தால், வேரோடு இருந்தால் திரும்ப வைக்கலாம், காய்ந்திருந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். பட்டரின் அடிப்பாகத்தால் மெதுவாகத் தட்ட வேண்டும், ஓங்கிக் குத்தக் கூடாது. இத்தனைக்கும் இருபது விநாடி போதும்.

விதி பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் பலர் இன்னும் பயந்துகொண்டு தொடாமல் நிற்கிறார்கள். 2018 வரை கிரீனில் பந்து போட்ட குழியையும் பழைய ஹோலை அடைத்த இடத்தையும் மட்டும்தான் சரிசெய்ய முடியும். உங்கள் பட்ட் போகிற பாதையில் ஷூ ஸ்பைக் கீறியிருந்தால் பார்த்துக்கொண்டே தட்ட வேண்டியதுதான். 2019 ஜனவரியில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த புதிய விதிப் புத்தகத்தில் 13.1சி அதை மாற்றிவிட்டது. ஸ்பைக் கீறல், பட்டர் இடித்த தடம், கொடிக்கம்பு விழுந்த வடு, மிருகங்களின் குளம்புத் தடம் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். உங்கள் கேடியும் செய்யலாம். மண்ணுக்குக் காற்றுப் போகப் போடும் ஏரேஷன் ஓட்டைகள், ஹோலின் ஓரத்தில் இயல்பாக வந்த தேய்மானம், நோய் பிடித்த புல் இவற்றைத் தொடக் கூடாது. ஆட்டத்தை இழுத்தடிக்கவும் கூடாது. இது கிரீனுக்கு மட்டும். கிரீனுக்கு முன்னால் உள்ள ஓரப் புல்லில் உங்கள் பந்தின் பாதையில் ஒரு குழி இருந்தால், அடித்து முடித்த பிறகுதான் கை வைக்கலாம். முன்னால் வைத்தால் தண்டனை.

குளம்புத் தடத்தை நான் நேரில் பார்த்தது கொடைக்கானலில். அங்கே கோல்ஃப் மைதானத்துக்குக் காட்டுமாடுகள் வந்து மேய்வது ஊருக்கே தெரிந்த விஷயம். போன வருடம் நான்கு மாணவர்களோடு போயிருந்தேன். விடிகாலைப் பனி விலகும்போது ஒரு கிரீனில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாகத் தடங்கள். குளம்பின் இரண்டு பிளவும் அச்சு எடுத்த மாதிரி. ஒரு பையன் பந்தை மார்க் செய்துவிட்டு, தன் பாதையில் இருந்த தடத்தை மட்டும் சரிசெய்து எழுந்தான். மற்ற மூன்று பேரும் அதற்குள் மண்டி போட்டு ஆளுக்கு ஒரு தடத்தை மூட ஆரம்பித்திருந்தார்கள். பின்னால் யாரும் ஆட வரவில்லை என்பதால் நானும் உட்கார்ந்துவிட்டேன். கட்டைவிரல் ஆழத் தடத்துக்கு எங்கள் குட்டை முள் போதவில்லை. பலமுறை சுற்றிச் சுற்றிச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த ஐந்தாவது ஃபோர்க்கில் நான் பார்த்த ஒரே குறை அதுதான். மலை மைதானங்களில் ஆடுகிறவர்கள் மூன்றரை சென்டிமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

பிள்ளைகளிடம் நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிது. கிரீனில் கால் வைத்ததும் முதலில் தன் குழி, அப்புறம் இன்னொருவருடைய குழி ஒன்று. அதன் பிறகுதான் பட்டரை எடுக்கலாம். தன் குழி எங்கே என்று தெரியாதவன், பந்து எங்கே விழுந்தது என்று பார்க்காமல் இருந்திருக்கிறான். ஆட்டத்துக்கும் அது கெடுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வயதுப் பெண் ஒருத்தி, முன்னால் ஆடிவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவரைப் பார்த்து, "அங்கிள், உங்க மார்க்கை விட்டுட்டீங்க, நான் மூடட்டுமா?" என்று கேட்டாள். அவர் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். திரும்பி வந்தார். "எனக்கு முழங்கால் மடங்காதும்மா, எப்படி மூடுறேன்னு காட்டு" என்றார். அவள் உட்கார்ந்து மூட, அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பட்டரின் பிடி நுனியில் செருகிக்கொள்ளும் ஃபோர்க் ஒன்றைத் தேடி வாங்கிவந்து அவளிடம் காட்டினார். குனிய முடியாதவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கிறது என்பதை நானே அன்றுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். நின்றபடியே தள்ளலாம். பட்டரின் நீளத்தால் அழுத்தம் கூடிவிடுகிறது என்பதால் மெதுவாகச் செய்ய வேண்டும்.

கேடி இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்பது நம் ஊரில் உள்ள வழக்கம். நானும் கேடியாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நாலு பேர் ஆட்டத்தில் கேடி கொடியைப் பிடிக்க வேண்டும், பந்தைத் துடைக்க வேண்டும், பட்ட் போக வேண்டிய லைன் சொல்ல வேண்டும், மணல் குழியான பங்கரை வார வேண்டும். குழியை மூட அவருக்குக் கிடைப்பது ஐந்து விநாடி. ஐந்து விநாடியில் நெம்பத்தான் முடியும். அவர் கையிலும் ஒரு நல்ல ஃபோர்க்கைக் கொடுங்கள். நேரத்தையும் கொடுங்கள். முடிந்தால் நீங்களே உட்காருங்கள்.

பட்டறையிலிருந்து முப்பதும் வந்த வாரம், ஒன்றை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து நின்று பல வருடமாகிவிட்டது, கண்ணும் மங்கல். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளின் நுனியைக் கட்டைவிரலில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணிருக்கடா. ஆனா முனை கத்தி மாதிரி இருக்கு. இது வேரை அறுக்கும். வேரைத் தள்ளணும், அறுக்கக் கூடாது. கொஞ்சம் மழுக்கிடு."

அன்று ராத்திரி முப்பதையும் அரத்தால் தேய்த்தேன். அடுத்த முறை வெட்டும்போது நண்பனிடம் முனையை உருட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்றுக்கு மூன்று ரூபாய் கூட ஆயிற்று.